கானாவில் மின்னொலி: வடசென்னை நிகழ்த்துமரபும் தூய்மைவாதத்தின் வரம்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

வடசென்னையின் துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளில் வழங்கிவரும் கானா, கடந்த சில பத்தாண்டுகளில் மின்னணு இசைக்கருவிகளைத் தன்னுள் ஏற்றுக்கொண்டுள்ளது. இம்மாற்றத்தை மரபின் சிதைவாகக் காணும் பார்வை பரவலாக உள்ளது. செவ்விசைக்குப் பொருத்தப்படாத ஓர் அளவுகோலை அப்பார்வை கானாவிற்கு மட்டும் பொருத்துகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. மின்கருவியின் வருகையால் நேர்ந்த இழப்புகளை இக்கட்டுரை மறுக்கவில்லை. அவ்விழப்புகள் கருவியால் நேர்ந்தவையா, கருவி இயங்கும் சூழலால் நேர்ந்தவையா எனப் பிரித்தறிய முயல்கிறது. குரலைக் கருவி பின்தொடர்கிறதா, கருவியைக் குரல் பின்தொடர்கிறதா என்னும் வினாவே கானாவின் இன்றைய நிலையை மதிப்பிட உதவும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: கானா, மின்னணு இசை, ரிதம் பேட், வடசென்னை, நிகழ்த்துதல், தூய்மைவாதம்.

முன்னுரை

தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து தொடங்கியது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூரில் 1955இல் அமைந்த என்ஃபீல்டு தொழிற்சாலை, எண்ணூரின் அனல்மின் நிலையங்கள், காமராசர் துறைமுகம் என இப்பகுதியின் வரலாறு பெரும்பாலும் தொழில்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அத்தொழில்களில் உழைத்தவர்களின் இசை வரலாறு அந்த அளவிற்கு எழுதப்படவில்லை. அவ்விசையின் முதன்மையான வடிவம் கானா ஆகும்.

கானா பல வகைப்படும். அவற்றுள் இறப்பு நிகழ்ந்த வீட்டின் முன்னும், பதினாறாம் நாள் காரியத்திலும் இரவெல்லாம் பாடப்படும் மரண கானா, நிகழ்த்துதல் நோக்கில் தனித்துக் கருதத்தக்கது. இறந்தவரின் பெயர், தொழில், உறவுகள், நற்செயல்கள் ஆகியவற்றைப் பாடகர் அவ்விடத்திலேயே பாட்டில் இணைக்கிறார். தொண்டியார்பேட்டையில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபைத் தம் முன்னோராகக் கருதும் வழக்கமும் கானாப் பாடகரிடையே உண்டு. நிலையாமை பற்றிய சித்தர் மரபும் சூஃபி மரபும் கூலித்தொழிலாளர் வாழ்வும் ஒரே பந்தலில் சந்திக்கும் வடிவம் இது.

இன்று அப்பந்தலில் டோலக்கின் அருகே ரிதம் பேடும், ஆர்மோனியம் இருந்த இடத்தில் கீபோர்டும் காணப்படுகின்றன. ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆட்டோடியூன் வழியாகத் திருத்தப்பட்ட கானாப் பாடல்கள் யூடியூப் தளத்தில் வெளியாகின்றன. ‘உண்மையான கானா’ மறைந்துவிட்டது என்னும் கூற்று இச்சூழலில் எழுகிறது. அக்கூற்றின் அடிப்படைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணலியில் நுழைந்த வயலின்

அயற்கருவி ஒன்று உள்ளூர் இசையில் நுழைந்து மரபாக மாறியதற்கு மிகச் சிறந்த சான்று இதே வட்டாரத்தில் உள்ளது. திருவொற்றியூருக்கு மேற்கே அமைந்துள்ள மணலியில், அவ்வூர்ப் பெருநிலக்கிழார்களின் ஆதரவில் இராமசாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. அவருடைய மகனும் முத்துசாமி தீட்சிதரின் இளவலுமாகிய பாலுசாமி தீட்சிதர், ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். கருநாடக இசைக்கு அக்கருவியைப் பழக்கிய முன்னோடிகளுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார். ஆங்கிலேயக் கம்பெனியின் வணிகத் தொடர்பும் பணமும் இன்றி இந்நிகழ்வு நடந்திருக்க இயலாது. எனினும் வயலினின் வருகையை யாரும் சிதைவு என்று கூறுவதில்லை. ‘ஏற்பு’ என்றே கூறுகின்றனர்.

பிற்காலத்திலும் இதே போக்கு தொடர்ந்தது. உப்பலப்பு ஸ்ரீனிவாஸ் வாசித்த மின்சார மேண்டலின் சபாக்களில் பெரும் வரவேற்பைப் பெற்றது. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் உருவாக்கிய மின்னணுத் தம்புரா, இன்று கச்சேரி மேடைகளில் இயல்பாக இடம்பெறுகிறது. பாடகரின் பின்னே அமர்ந்து தம்புரா மீட்டியவரின் இடத்தை அப்பெட்டி பல மேடைகளில் எடுத்துக்கொண்டது. இதனால் ஒரு கலைஞரின் வாய்ப்பும் ஊதியமும் குறைந்தன; ஆனால் கருநாடக இசை மறைந்துவிட்டது என்று எவரும் எழுதவில்லை.

ஆர்மோனியத்தின் வரலாறு இதற்கு மாறான ஒரு படிப்பினையைத் தருகிறது. அனைத்திந்திய வானொலி 1940இல் அக்கருவிக்குத் தடை விதித்தது. அதன் நிலைத்த சுரங்கள் இந்திய இசையின் நுண்சுரங்களுக்கும் கமகங்களுக்கும் ஒவ்வாதவை என்பது அன்றைய வாதம். அத்தடை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. வானொலி வெளியே நிறுத்திய அக்கருவியைக் கானாப் பந்தல் தயக்கமின்றிப் பயன்படுத்திக்கொண்டது. கானாவின் மற்றொரு பழங்கருவியாகக் கருதப்படும் புல்புல்தாராவும் இங்குத் தோன்றியதன்று; 1910களில் ஜப்பானில் உருவான டைஷோகோட்டோ என்னும் கருவியே இந்தியாவில் அப்பெயர் பெற்றது.

ஆகவே கீபோர்டு வந்து ஆர்மோனியத்தின் தூய்மையைக் கெடுத்தது என்று கூறுவோர், நேற்றைய அயற்கருவியைக் கொண்டு இன்றைய அயற்கருவியை மறுக்கின்றனர். கானாவில் தூய கருவி என ஒன்று எப்போதும் இருந்ததில்லை. தீப்பெட்டி, தகர டப்பா, மேசைப் பலகை, தொடை என எதுவும் அங்குத் தாளக்கருவியாகியுள்ளது. கையில் கிடைப்பதைக் கருவியாக்கிக்கொள்வது கானாவின் அடிப்படைப் பண்பாகும். அப்பண்பை ஏற்கும் ஆய்வு, கையில் கிடைத்த பொருள் மின்சாரத்தால் இயங்குகிறது என்பதற்காக மட்டும் அதனை விலக்க இயலாது.

தோலும் ரப்பரும்

ரோலண்ட் நிறுவனம் 1985இல் அறிமுகப்படுத்திய ஆக்டபேட், குச்சியால் அடித்து வாசிக்கத்தக்க எட்டு ரப்பர்ப் பரப்புகளைக் கொண்டது. ஒவ்வொரு பரப்பிற்கும் ஓர் ஒலியை ஒதுக்கலாம். அடியின் விசைக்கு ஏற்ப ஒலியின் அளவு மாறும். இவ்வகைக் கருவிகள் தமிழகத்தின் மெல்லிசைக் குழுக்களில் பரவி, ‘பேட்’ என்ற சுருக்கப் பெயருடன் கானா மேடைக்கும் வந்தன. பேட் தானாக வாசிக்கும் இயந்திரம் அன்று. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கையசைவு தேவை. பாடகர் ஒரு சொல்லை நீட்டினால் பேட் வாசிப்பவர் காத்திருப்பார். பாடகர் விரைந்தால் அவரும் விரைவார். இவ்வகையில் பேட், டோலக்கின் உறவே தவிர ஒலிப்பதிவின் உறவு அன்று.

இதனால் நேர்ந்த இழப்பும் உண்டு. தோற்கருவிக்குத் தட்பவெப்பத்தோடு உறவு உண்டு. கடற்கரை இரவின் ஈரத்தில் பறையின் தோல் தளரும். தீ மூட்டிக் காய்ச்சிய பின்னரே அதன் ஓசை எழும். அக்காய்ச்சுதல் வாசிப்போரைத் தீயைச் சுற்றி ஒன்றுகூட்டியது. பேடிற்கு இது தேவையில்லை. மேலும் பலர் சேர்ந்து எழுப்பிய முழக்கத்தை ஒருவரே எழுப்ப முடிவதால், ஒரு சாவிற்கு அழைக்கப்படும் கலைஞர்களின் எண்ணிக்கை குறைகிறது. எட்டு ஒலிகளை ஒரே கருவியில் அடக்குவது தொழில்நுட்பத்தில் வசதி. கூலியில் அது பிறருடைய பங்கைக் குறைப்பதாகும்.

எனினும் தோலிலிருந்து ரப்பருக்கு மாறியதை இழப்பாக மட்டும் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வியை எதிர்கொள்ள வேண்டும். தமிழகத்தில் சாவிற்குப் பறையடித்தல் பல ஊர்களில் ஒரு சாதியின்மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. அக்கடமையை மறுத்துப் பறையைக் கைவிட்ட போராட்டங்களும், அதே பறையை விடுதலைக் கலையாக மீட்டெடுத்த இயக்கங்களும் தலித் அரசியலில் அருகருகே நிகழ்ந்துள்ளன. இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் தத்தம் நியாயங்கள் உண்டு. இப்பின்னணியில், தோற்கருவியை விட்டுப் பேடை ஏந்தும் இளைஞர் மரபை இழந்தவர் என்று வெளியிலிருந்து தீர்ப்பளிப்பது எளிதன்று. மெல்லிசை மேடை, திருமண வரவேற்பு, அரசியல் கூட்டம் என எங்கும் அழைக்கப்படும் கலைஞராக அவரைப் பேட் ஆக்குகிறது. சாவுமேளம் வாசிப்பவருக்கு அம்மேடைகள் அவ்வாறு எளிதில் திறந்ததில்லை. கருவி மாற்றத்தில் அழகியல் காரணங்களோடு சமூக மதிப்புப் பற்றிய காரணங்களும் செயற்படுகின்றன. அக்காரணங்களைக் காணாத அழகியல், ஒருவருடைய இழிவை இன்னொருவருடைய ஏக்கமாக மாற்றிவிடும்.

யார் யாரைப் பின்தொடர்கிறார்?

பந்தலில் இயங்கும் மின்கருவியும் ஒலிப்பதிவுக் கூடத்தில் இயங்கும் மின்கருவியும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைக் கவனிக்காமல் ‘மின்னணு இசை’ என்று பொதுவாகப் பேசுவதே பல குழப்பங்களுக்குக் காரணமாகும்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் நேரம் முன்னரே கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. காதில் ஒலிக்கும் சீரான தட்டோசைக்கு ஏற்பப் பாடகர் பாட வேண்டும். தாளம் சற்று முந்தினாலோ பிந்தினாலோ மென்பொருள் அதைக் கட்டத்திற்குள் நகர்த்தும். 1997இல் அறிமுகமான ஆட்டோடியூன், குரலின் சுருதியையும் இவ்வாறே அருகிலுள்ள சுரத்திற்கு நகர்த்துகிறது. கானாவின் குரல் பேச்சிற்கும் பாட்டிற்கும் இடையே இயங்குவது. சொல்லின் இறுதியில் வரும் இழுவை, சுரத்திற்குச் சற்றுக் கீழே தொடங்கி மேலேறும் அழுகைத்தன்மை, திடீரெனப் பேச்சாக மாறும் இடம் ஆகியவை அதன் உணர்ச்சிக்கு அடிப்படையானவை. கடுமையாக அமைக்கப்பட்ட சுருதித் திருத்தம் இவற்றைப் பிழைகளாகக் கருதி நீக்குகிறது. மரண கானாவில் பாடகர் பாட்டை நிறுத்தி இறந்தவரின் பெயரைச் சொல்லும் இடைவெளிக்குச் சீரான கட்டத்தில் இடமில்லை.

ஆகவே வேறுபாட்டின் கோடு தோலுக்கும் ரப்பருக்கும் இடையில் இல்லை. பந்தலில் கருவி குரலைப் பின்தொடர்கிறது. கூடத்தில் குரல் கருவியைப் பின்தொடர்கிறது. முதலாவது சூழலில் மின்கருவி இருந்தும் கானாவின் நிகழ்த்துதல் தன்மை குன்றுவதில்லை. இரண்டாவது சூழலில் டோலக்கும் சட்டியும் உயிரோசையாகப் பதிவு செய்யப்பட்டிருப்பினும் அத்தன்மை குன்றக்கூடும். திரைப்படக் கானாவை இதனோடு ஒப்பிடலாம். 1990களில் தேவாவின் இசையிலும், 2012இல் வெளியான ‘அட்டகத்தி’யில் சந்தோஷ் நாராயணனின் இசையில் கானா பாலா பாடிய பாடல்களிலும் கானா பெருந்திரளான கேட்பவர்களை அடைந்தது. அக்குரலைத் திரைக்குக் கொண்டுவந்தது குறிப்பிடத்தக்க சாதனை. ஆனால் சில நிமிடங்களில் முடியும் திரைப்பாட்டு, இரவெல்லாம் நீளும் கானாவின் கால அமைப்பை ஏற்க இயலாது. இங்கும் மாற்றத்திற்குக் காரணம் மின்கருவி அன்று. பாட்டின் கால அளவை வேறொருவர் வகுப்பதே ஆகும்.

ஆட்டோடியூனைப் பயன்படுத்தும் எல்லாப் பாடகரையும் ஒரே நிலையில் வைப்பதும் பிழையாகும். அதன் கடுமையான அமைப்பு தரும் உலோகத்தன்மையை விரும்பித் தேர்ந்தெடுத்து, அதனை ஓர் அணியாகக் கையாளும் இளம்பாடகர்கள் உள்ளனர். அது தெரிவாக அமையும்போது அழகியல் மதிப்பீட்டிற்கு உரியது. மலிவான கூடத்தின் வழக்கமாகக் குரலின்மீது சுமத்தப்படும்போது அது வேறொரு விமர்சனத்திற்கு உரியது.

இரவும் ஒலியளவும்

கானா பந்தலிலிருந்து பதிவை நோக்கி நகர்வதற்குச் சட்டச் சூழலும் துணைபுரிகிறது. ஒலிமாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. இரவெல்லாம் நிகழும் மரண கானாவின் முதன்மைப் பொழுது இதுவே. நோயாளிகளும் மாணவர்களும் வாழும் நெருக்கமான தெருக்களில் இவ்விதி தேவையற்றது என்று கூற இயலாது. ஆனால் அதே விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றும், தொழிற்சாலைப் பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70 டெசிபல் என்றும் வரையறுக்கின்றன. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் குடியிருப்பும் தொழிற்சாலையும் அருகருகே உள்ளன. இரவு முழுவதும் இயங்கும் ஆலையின் ஓசைக்குச் சட்டத்தில் ஓர் அளவும், சாவு வீட்டின் ஒலிபெருக்கிக்கு முழுத்தடையும் உள்ள நிலத்தில், எது இரைச்சல் என்னும் வினா வெறும் இயற்பியல் வினா அன்று.

எண்ணூர்க் கழிமுகத்தின் சூழல் அழிவைப் பொருளாகக் கொண்ட ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ 2017 சனவரியில் வெளியானது. கபேர் வாசுகியின் வரிகளை டி.எம். கிருஷ்ணா பாடினார். சென்னைப் பேச்சுத் தமிழைக் கருநாடக இசையில் அமைத்த அம்முயற்சி எல்லை கடந்த செயலாகப் பாராட்டப்பட்டது, அப்பாராட்டு தகுதியானதே. ஆனால் செவ்விசைப் பாடகர் தம் எல்லையைக் கடந்து எண்ணூருக்கு வருவது துணிவாகவும், வடசென்னைப் பாடகர் தம் எல்லையைக் கடந்து மின்னொலிக்குச் செல்வது சிதைவாகவும் கருதப்படுமாயின், எல்லை கடக்கும் உரிமை சமமாகப் பகிரப்படவில்லை என்பது தெளிவாகும்.

மேடையும் பெயரும்

பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது. சாதியற்றவர் என்னும் அடையாளத்தை வலியுறுத்திய அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து அக்குழு தன் பெயரைப் பெற்றது. கானா, ராக், ராப் ஆகியவை அதில் இணைந்தன. மின்கிதாரும் டிரம்சும் இருந்த மேடையில் சட்டி, பறை, கட்டமோளம் ஆகியவற்றை வாசித்தோரும் தத்தம் பெயருடன் அறிமுகமாயினர். ஊர்வலத்தில் பெயரின்றி வாசித்தவர் குழு உறுப்பினராக அறியப்பட்டது அதன் முதன்மையான சாதனையாகும். வடசென்னையைச் சேர்ந்த இசைவாணி அம்மேடையில் கானா பாடியதும், 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றதும், ஆண்களே நிறைந்திருந்த ஒரு வடிவத்தில் நேர்ந்த மாற்றத்தைக் காட்டுகின்றன.

இக்குழுவின் மீதும் ஒரு விமர்சனம் பொருந்தும். ராக் இசையமைப்பின் மாறாத தாள வேகம், கானாப் பாடகர் விரும்பிய இடத்தில் நின்று விரும்பிய இடத்தில் தொடரும் உரிமையைக் கட்டுப்படுத்துகிறது. கோரிக்கை முழக்கத்திற்கு அவ்வேகம் பொருந்துகிறது. இரங்கலுக்கு அந்த அளவிற்குப் பொருந்துவதில்லை. எனினும் அக்கட்டுப்பாடு குழுவினர் சேர்ந்து ஏற்றதாகும்.

ஒலிப்பதிவில் பெயரின் நிலை இன்னும் சிக்கலானது. அக்குழுவின் வழியாக அறியப்பட்ட, அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு எழுதி, தீயுடன் இணைந்து பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனின் இசையில் வெளியாகி உலகளவில் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது குறித்துப் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினர். பின்னர் அவ்விதழ் அறிவின் படத்துடன் இணைய அட்டை ஒன்றை வெளியிட்டது. ஒப்பாரியின் கூறுகளைக் கொண்ட ஒரு பாடல் மின்னணு இசையாக உலகைச் சுற்றியபோது எழுந்த கேள்வி ஒலியின் தூய்மையைப் பற்றியதன்று. யாருடைய முகம், யாருடைய பெயர் என்பதைப் பற்றியதாகும்.

ஓர் ஒப்புமையும் அதன் எல்லையும்

தொழில்நகரத்திலிருந்து பிறந்த மின்னணு இசை என்றவுடன் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத் தெக்னோ நினைவிற்கு வரும். மோட்டார் வாகன நகரமாகிய அங்கு, 1980களில் கறுப்பின இளைஞர்கள் மின்னணுக் கருவிகளைக் கொண்டு புதிய நடன இசையை உருவாக்கினர். எண்ணூரின் ஆலை ஓசையே கானாவின் மின்தாளமாயிற்று என்று எழுத இவ்வொப்புமை தூண்டக்கூடும். அது கவர்ச்சியான கூற்றேயன்றிச் சான்றுடையது அன்று. கானாவின் தாளம் சாவு ஊர்வலத்திலிருந்தும் டோலக்கிலிருந்தும் வந்தது, இயந்திரத்திலிருந்து வந்ததன்று. பேட் வாசிப்பவர் பெரும்பாலும் இயந்திரத்தைப் போல ஒலிக்க விரும்புவதில்லை. தோலைப் போல ஒலிக்கவே தம் கருவியின் ஒலிகளைத் தேர்கிறார்.

ஒப்புமை பயன்படும் இடம் வேறு. டெட்ராய்ட் கலைஞர்களுள் யுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் தத்தம் இசை வெளியீட்டு நிறுவனங்களைத் தொடங்கினர். கருவியோடு வெளியீட்டையும் தம் கையில் வைத்திருந்தனர். வடசென்னையில் கருவி கலைஞரின் கைக்கு வந்துள்ளது. வெளியீடும் உரிமையும் பெரும்பாலும் அவர் கைக்கு வரவில்லை.

முடிவுரை

கானாவில் மின்கருவியின் வருகை, கிடைத்ததைக் கருவியாக்கும் அம்மரபின் இயல்பான தொடர்ச்சியாகும். வயலினையும் மின்சார மேண்டலினையும் மின்னணுத் தம்புராவையும் ஏற்ற தமிழிசை உலகம் ரிதம் பேடை மட்டும் சிதைவாகக் காண்பதற்கு இசையியல் காரணம் இல்லை. இதனால் இழப்பு ஏதும் நேரவில்லை என்பது பொருளன்று. பல கைகளின் வேலை ஒரு கைக்குச் சுருங்கியது. இரவின் நீளம் சில நிமிடங்களாகக் குறைந்தது. குரலின் இழுவை திருத்தத்திற்கு உள்ளானது. இவற்றுள் முதலாவது மட்டுமே கருவியோடு நேரடியாகத் தொடர்புடையது. ஏனையவை கால அளவையும் சுருதியையும் உரிமையையும் பிறர் வகுக்கும் சூழலின் விளைவுகள்.

கானாவைப் பதிவு செய்யும் ஆய்வாளர் பலர் ‘பழைய’ கானாவைத் தேடிக் கீபோர்டை ஒதுக்கிவைக்கச் சொல்லும் போக்கு இனி மறுபரிசீலனைக்கு உரியது. அவ்வாறு பெறப்படும் பதிவு ஆய்வாளரின் விருப்பத்தைக் காட்டுமேயன்றி நிகழ்த்துதலைக் காட்டாது. பேட் வாசிப்பவரின் பெயர், அவர் தேர்ந்த ஒலிகள், அவற்றை எங்கிருந்து பெற்றார், யாரிடம் கற்றார், ஓர் இரவிற்குப் பெறும் ஊதியம் ஆகியவையும் களப்பதிவில் இடம்பெற வேண்டும். பாடகர் பாட்டை நிறுத்தி இறந்தவரின் பெயரைச் சொல்லும்போது பேட் வாசிப்பவரின் குச்சி காற்றில் நின்று காத்திருக்கிறது. கானாவின் மரபு அக்காத்திருப்பில் உள்ளது. குச்சி விழும் பரப்பு எதனால் ஆனது என்பதில் இல்லை.